சுத்தக்காரரின் வெங்காயத் தறை

உரும்பிராயில் சுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் போல வாழ்ந்தவர் கமக்காரர் செல்வரட்ணம். விடியக் குளிப்பு, பின்னேரம் குளிப்பு, நெற்றி நிறையத் திருநீறு. தோட்டத்தில் கூலிக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீர் குடிக்க வேலிக் கதியாலில் ஒரு தனிப் பேணி தொங்கியது. அது படியேறினால் வீடே தீட்டாகிவிடுமாம்.

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில். இந்த மகா சுத்தக்காரர்தான் கக்கூசுக் குழி நிரம்பியபோது, இதைவிட நல்ல பசளை ஏது என்று ஆள் பிடித்து அள்ளுவித்துத் தோட்டத்தில் வெங்காயம் நட்ட தறைக்குள் ஊற்றுவித்தார். அதே தறைக்குள் ஒருவரும் செருப்போடு இறங்கக்கூடாது. சோறு போடுகிற மண்ணைச் செருப்பால் மிதிக்கிறதோ என்பார். நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

மகள் தயாளினி, வயிற்றில் பிள்ளையோடும், அங்கே வெறுங்காலோடுதான் தண்ணீர் கட்டினாள். அந்தப் பசளையோடு வந்து ஈர மண்ணில் பொரித்த கொழுக்கிப்புழுவுக்குச் சாதி தெரியுமா, திருநீறு தெரியுமா? கால்விரல் இடுக்கைத் துளைத்து, இரத்தத்தோடு நெஞ்சுக்கு ஏறி, இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கிய எச்சிலோடு குடலில் இறங்கியது. அங்கே கடித்துக்கொண்டு கிடந்து இரத்தம் குடித்தது. தயாளினிக்கு முதலில் விரலிடுக்கில் அரிக்கும் காற்கடி, பிறகு இருமல், பிறகு நாலடி நடந்தாலே மூச்சிளைப்பு. முகம் வெளுத்த சீலை போலாகியது.

மருத்துவமாது வயிற்றுப் புழுவைக் கொல்லும் பூச்சிக்குளிசை கொண்டுவந்தாள். செல்வரட்ணத்துக்கு மீசை துடித்தது.

"பூச்சி பிடிச்ச வீடோ எங்கடை வீடு? உதைக் கொண்டுபோய் ஊத்தைச் சனத்துக்குக் குடு பிள்ளை."

குளிசை படலை வாசலோடு திரும்பிப் போனது. ஏழாம் மாதம் தயாளினி கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். உடனே இரத்தம் ஏற்றாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

செல்வரட்ணம் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார். "என்ரை இரத்தத்தை எடுங்கோ. சுத்தச் சைவ இரத்தம்."

தாதி அவர் விரலில் குத்திப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்கே இரத்தம் காணாது. வெறுங்காலோடை தோட்டத்துக்கை நிண்டால் புழு காலாலை ஏறும். நீங்களும் குளிசை போடவேணும்."

வேறு யாரோ கொடுத்த இரத்தம் தயாளினிக்குச் சொட்டுச் சொட்டாக ஏறியது. மெல்ல மெல்ல அவள் உதட்டில் நிறம் வந்தது. செல்வரட்ணம் கட்டிலருகே நெளிந்தார். வாய் சும்மா கிடக்கவில்லை.

"உந்த இரத்தம் ஆரின்ரை? என்ன ஆக்களாம்?"

தயாளினி கண்ணைத் திறக்கவில்லை.

"ஆரோ செருப்புப் போட்டு நடக்கிற ஆளின்ரை, அப்பா."