ரத்தம் தெறிக்காத கொலைக்கதை

வாசலைக் கழுவும்போது வழுக்கி விழுந்து என் கணவர் காலை உடைத்துக்கொண்டார். கூடவே மூக்குக்கண்ணாடியும் நொறுங்கியது. கிள்ளானில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் ஆறும்வரை அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள். அவருக்குப் பேச்சே குறைந்துபோனது. கொண்டுபோகும் சோறும் பாதி அப்படியே திரும்பி வந்தது. கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துத் தலைவலி வந்ததும் அதையும் ஒதுக்கிவிட்டார்.

"ஏதாச்சும் துப்பறியும் கதை கெடைச்சா வாசிச்சுக் காட்டேன். எவ்ளோ நேரந்தான் ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடக்கறது" என்றார் ஒருநாள் மாலை.

எனக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்துக்குப் பின்தெருவில், புடவைக்கடை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். அதுவரை துப்பறியும் கதை எதையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. வீட்டில் அவர்தான் அதற்கெல்லாம் ஆள். தமிழ் அடுக்கில் இருந்தவற்றின் அட்டைகளில் கத்தியும் ரத்தமும் அலறும் பெண்களும்தான். கையும் காலும் உடைந்து கிடப்பவர்களுக்கு நடுவே உட்கார்ந்து இவற்றை எப்படி வாசிப்பது?

கடையில் இருந்த பெண்மணியிடம் தயங்கிக்கொண்டே கேட்டேன். "அக்கா, கொலை இருக்கணும். ஆனா ரத்தம் இருக்கக் கூடாது. வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருக்காரு."

அவர் சிரிக்கவில்லை. ஆங்கிலப் புத்தகங்கள் இருந்த மூலைக்கு அழைத்துப் போனார். "இதுக்குப் பேரு கோஸி. கொலை நடக்கும், ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாது. செத்தவனும் அவ்ளோ நல்லவனா இருக்க மாட்டான், அதனால யாரும் ரொம்ப அழ மாட்டாங்க. நடுநடுவுல கேக்கு சுடுவாங்க."

நின்றபடியே ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில் முதல் பக்கத்திலேயே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். அத்தனை பேரையும் என்னால் நினைவு வைத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றில் துப்பறியும் பெண் அப்போதுதான் கணவனை இழந்திருந்தாள். அதை உடனே வைத்துவிட்டேன். மூன்றாவதில் ஒருவர் மாடிப்படியில் உருண்டு விழுந்து சாகிறார். அதுவும் வேண்டாம். கடைசியில், கடலோரச் சிற்றூரில் தேநீர்க்கடை நடத்தும் பெண்ணின் கதை அமைந்தது. மலர்க் கண்காட்சியன்று ஊர்ப் பணக்காரர் ஒருவர் ஜாம் டார்ட் தின்றபடியே செத்துப்போகிறார். இதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மாலையில், நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து, மெல்லிய குரலில், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். ஜாம் டார்ட் என் வாயில் நம் ஊர்ப் பலகாரமான அன்னாசி டார்ட் ஆனது. மலர்க் கண்காட்சி கோயில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி, கொஞ்சம் சத்தமா வாசி லா. அந்தத் தோட்டக்காரன் பொய் சொல்றான்."

இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த சீனப் பெரியவர். நாங்கள் இருவரும் திகைத்துப் போனோம்.

"நான் டெங்கில்னு ஒரு ஊரு, அது பக்கம் எஸ்டேட்ல பொறந்தவன். கூட்டாளிங்க எல்லாம் தமிழ்தான்" என்றார் அவர். "மொத நாள்லேர்ந்து கேக்கறேன். பாதிதான் காதுல விழுது."

அன்றிலிருந்து நாற்காலியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போட்டுக்கொண்டேன். பெரியவருக்குத் தோட்டக்காரன்மேல் சந்தேகம், இவருக்குச் செத்தவரின் தங்கைமேல். கண்காட்சிக்கு நடுவராக வரும் அம்மாளை மட்டும் இருவருக்கும் பிடித்துப்போனது. நான் வேலையில் இருக்கும்போதும் இருவரும் பகல் முழுக்க அதைப் பற்றியே சண்டை போடுகிறார்கள் என்று தாதி சொன்னாள். அன்று கொண்டுபோன சோற்றுப் பாத்திரம் காலியாகத் திரும்பியது. மீன் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "என்ன மீனு?" என்றார் இவர். நினைப்பெல்லாம் அந்தத் தங்கைமேல்தான் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசி மூன்று அத்தியாயங்கள் மிச்சம் இருந்தபோது, இவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் இன்னும் சில நாள் இருக்கவேண்டும். நான் பையில் துணிகளை அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போயிட்டா கொலைகாரன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"புக்க வச்சிட்டுப் போறேன் அங்கிள்."

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது லா."

வீட்டில் அன்றிரவு புத்தகத்தை எடுத்தேன். இவர் கையால் மூடினார். "அவரு இல்லாம எனக்கு முடிவு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், சக்கர நாற்காலியில் இவரைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் அதே வார்டுக்குப் போனேன். எங்களைப் பார்த்ததும் பெரியவர் தலையணையை நிமிர்த்திக்கொண்டார். மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் வாசித்தேன். எதிர்க் கட்டில்காரரும் ரேடியோவை அணைத்துவிட்டார். கொலை செய்தது தோட்டக்காரனும் இல்லை, தங்கையும் இல்லை. இருவருக்குமே மிகவும் பிடித்திருந்த அந்தக் கண்காட்சி நடுவர் அம்மாள்தான்.



"ஏமாத்திட்டா லா!" என்றார் பெரியவர்.

"அவ்ளோ அன்பாப் பேசினாளே!" என்றார் இவர். இருவரும் நெடுநேரம் அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது பெரியவர் தன் மகளின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். போனில் வாசிக்க வேண்டுமாம். "அடுத்த கதைல ஒரு நாய் இருந்தா நல்லாருக்கும். ஆனா நாய் சாகக் கூடாது."

திங்கட்கிழமை மதியம் மறுபடியும் அந்த மாடிக்கு ஏறினேன். நாய் வரும் கதை ஒன்று கிடைத்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நிச்சயப்படுத்திக்கொள்ளக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நாய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொலைகாரனின் பெயரும் அங்கேயே இருந்தது. இப்போது ஞாயிறுதோறும் இவர் பக்கத்திலும் பெரியவர் போனிலுமாக ஆளுக்கொருவர்மேல் சந்தேகப்பட்டு அடித்துப் பேச, நான் முகத்திலும் குரலிலும் எதையும் காட்டாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.