பக்கத்தில் ஒரு பச்சை நூல்

ஆரணியில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு ஒரு பெண் சாயப்பட்டறையிலிருந்து நேராக வருவார். விரல்களில் சிவப்பு போகவே போகாது. நோட்டைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிப்பார்.

ஒரு நாள் மாலை. மறுநாள் பரீட்சை. வண்டியை நிறுத்தும் ‘பிரேக்’கையும் உடைக்கும் ‘பிரேக்’கையும் எல்லோரும் மாற்றி மாற்றி எழுதினார்கள். நான் பொறுமையிழந்து கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எழுந்தார்.

“சார், ஒரே மாதிரி ரெண்டு செவப்பு நூல் வந்தா, அதையே பாத்துகினு இருக்க மாட்டோம். பக்கத்துல பச்சைய வெப்போம், வித்தியாசம் தானா தெரியும். நீங்களும் ஒண்ணு பக்கத்துல பஸ்ஸ வையுங்க, இன்னொண்ணு பக்கத்துல கண்ணாடிய வையுங்க.”

வகுப்பே பரபரத்தது. ஆளாளுக்கு வாக்கியம் எழுதிக் காட்டினார்கள், ஒன்றுகூடத் தப்பில்லை.

எட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, பெஞ்சில் உட்கார்ந்து நான் குறிப்பெடுத்தேன்.