இடது பக்கம் பாடாத ஹெட்செட்

இன்று ஜெலாப்பாங்கில் ஒரு கடைக்கு வயர்லெஸ் ஹெட்செட் வாங்கப் போனேன். வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பேச்சு காதில் விழக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

முதல் ஹெட்செட்டில் இடது பக்கம் சத்தமே இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே இருக்க, கத்திவிட்டேன்.

"என்னம்மா, என்னைப் பார்த்தா ரோசாக் ஆன, கெட்டுப்போன சாமானாத்தான் எடுத்துக் குடுப்பீங்களா?"

கடைப் பெண் அதைத் தானே மாட்டிக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் நல்லாதான் பாடுது லா, அண்ணே."

பிறகு இடம் வலமாக மாற்றி என் தலையில் வைத்தாள். "இப்ப?"

இப்போதும் இடது பக்கம்தான் கேட்கவில்லை.

அவள் என் வலது பக்கம் வந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க, அண்ணே."

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

கோப்பெங்கில் நடந்த ஒரு கல்யாணத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்தும் என்னுடன் பேசவில்லை என்று, என் மைத்துனன் குணாவுடன் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. "எத்தனை தடவ கூப்பிட்டேன் மச்சான், நீதான் திரும்பல," என்று அவன் சத்தியம் செய்தான். எல்லோர் முன்னாலும் அவனைப் பொய்யன் என்றேன்.

அன்று அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குணாவைத் தவிர, என் இடது பக்கம் நின்று கூப்பிட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.