கொஞ்சம் கலராப் பண்ணுங்க

ராபர்ட்சன்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு யார் வந்தாலும் கேட்பது ஒன்றைத்தான். தமிழர் "கொஞ்சம் கலராப் பண்ணுங்க" என்பார். கன்னடக்காரர் அதையே "ஸ்வல்ப பெள்ளகே மாடி" என்பார். நானும் மறுபேச்சில்லாமல் மவுஸை இழுத்து, மஞ்சள் நீராட்டுப் பெண் முதல் வார்டு தேர்தலில் நிற்பவர் வரை எல்லோருக்கும் வெள்ளையடித்துக் கொடுப்பேன். சம்பளம் வாங்குகிறேன், செய்கிறேன். ஆனால் என் கல்யாண பேனரில் அந்த வேலை நடக்காது என்று நிச்சயதார்த்தத்தன்றே முடிவு கட்டிவிட்டேன்.

நான் கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா என்னை மாநிறம் என்று சொன்னது அவளுடைய ஆசை.

பேனருக்கு என்னிடம் இருந்தது போனில் எடுத்த ஒரே ஒரு நல்ல படம். அதை மண்டப வாசல் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதனால் ஹாஃப்டோன் ஆக்கினேன். முகம் முழுக்க வட்டப் புள்ளிகள். கறுப்பு கூடின இடத்தில் புள்ளி பெரிது, வெளிச்சம் விழுந்த இடத்தில் சின்னது, வெள்ளை என்றால் புள்ளியே கிடையாது. எல்லாம் வெக்டர் வட்டங்கள் என்பதால் எத்தனை பெரிதாக்கினாலும் ஓரம் மழுங்காது. என் கன்னத்தில் புள்ளிகள் கொழுத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அச்சுக்குப் போகுமுன் பார்க்க மாப்பிள்ளையின் அக்கா கடைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது, அம்மை போட்ட மாதிரி? அதுவும் இவ்ளோ கறுப்பா? கொஞ்சம் கலராப் பண்ணு. பெங்களூர்ல இருந்து தம்பி ஆபீஸ்காரங்கல்லாம் வருவாங்க."

"வெளுத்தா புள்ளி போயிடும் அண்ணி. புள்ளி போச்சுன்னா மூஞ்சியும் போயிடும்."

"அதெல்லாம் ஒண்ணும் போவாது. பண்ணு."

பண்ணினேன். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட முதலில் நெற்றி போனது, பிறகு கன்னம், பிறகு மூக்கு. கடைசியில் புருவமும் கண்ணும் பொட்டும் மட்டும் வெள்ளையில் தொங்கின. அண்ணி அசரவில்லை. "அப்போ இந்தப் புள்ளியே வேணாம். எல்லாருக்கும் போடுற மாதிரி வெள்ளையாப் போடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை போன் செய்தார். "அக்கா மூஞ்சியத் தூக்கி வச்சினு இருக்குது. ஒரு பேனர்தானே, அது சொல்றத செஞ்சிடேன்."

அண்ணி சொன்னதைவிட இதுதான் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் வடாற்காட்டிலிருந்து வந்து, ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், இங்குள்ள தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். இவரும் என்னைவிட ஒரு படி கூடுதல் கறுப்பு. இவர் படத்தை வெளுக்கச் சொல்லி மட்டும் யாரும் கேட்கவில்லை.

போனை வைத்ததும் அவர் படத்தையும் புள்ளியாக்கி, அண்ணி கேட்ட அதே அளவுக்கு வெளுத்து அனுப்பினேன். உடனே போன் அடித்தது.

"யாரு இது? மீசையும் காலரும்தான் இருக்குது!"

"மாப்பிள்ளை. உங்க அக்கா எனக்குச் சொன்ன அதே அளவு வெளுப்பு. இப்பிடியே அச்சுக்கு அனுப்பட்டா?"

"ஏய், வேணாம். என்னைய இருக்கிற மாதிரியே போடு."

"அப்போ என்னைய?"

இதற்குப் பதில் வராமல் தாலிக்குக் கழுத்தை நீட்டுவதாக எனக்கு உத்தேசம் இல்லை.

"ரெண்டு பேரையும் இருக்கிற மாதிரியே போடு" என்றார். "அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் காலையில் நானே பேனரை மெஷினில் ஏற்றினேன். அவர் இருக்கும் பாதி அச்சாகி முடிந்து, என் கன்னத்துக்கு வந்தபோது கறுப்பு மை தீர்ந்துபோனது. புது பாட்டிலைத் திறந்து ஊற்றினேன்.