ஒரே தட்டு வைத்த மேசை

இத்தாலியின் சார்தீனியாத் தீவை நானும் கணவரும் வாடகை பைக்கில் சுற்றினோம். ஆட்டுப்பால் சீஸ், அப்பளம் போல நொறுங்கும் ரொட்டி, சிவப்பு ஒயின் என்று ஊருக்கு ஊர் ருசித்தபடி போனோம்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை, மலைக் கிராமமொன்றில் ஒரு கதவு திறந்திருந்தது. மேசையில் பாஸ்தாவும் டம்ளர் நிறைய ஒயினும் தெரிந்தன. சாப்பாட்டுக்கடை என்று நுழைந்தோம். கூப்பிட்டும் யாரும் வரவில்லை.

"நம்மூட்டுச் சாப்பாடாட்டம் இருக்குது, வா சாமி" என்று அவர் உட்கார்ந்து ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். ஒரே தட்டு, ஒரே நாற்காலி, எதிரே மெழுகுவத்தி, அதன் பின்னால் ஒரு கிழவரின் படம்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டிச் செத்துப்போன அப்பாவுக்கு, ஆடி அமாவாசையன்று அம்மா கறியும் பிராந்தியும் இப்படித்தான் படைப்பாள். பிறகு டம்ளரை நீட்டி, "கொறஞ்சிருக்குது பாரு" என்பாள். வீட்டில் முதலில் படித்தவள் நான். "வெயிலுக்கு வத்தியிருக்கும்மா" என்பேன்.

"எந்திரிங்க, இது படையலுங்க."

வாசலில் வீட்டுக்காரக் கிழவி எதிரே வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் எங்களைத் தாண்டிப் போய் டம்ளரைத் தூக்கிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தபடி அழுதாள். மன்னிப்புக் கேட்காமலே வெளியே வந்தோம்.

பைக்கில் ஏறியதும் கேட்டேன். "ஏனுங்க, முழுசும் குடிச்சீங்களா?"

"ஒரு வாய்தான் கண்ணு. நீயுந்தான் பாத்தியே."

பார்த்தேன்தான்.

அடுத்த ஆடியில் அம்மா டம்ளரை நீட்டியபோது வெயில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.