வரும்போது வாங்கிக்கிறோம்

1982 மார்ச் 14, ஞாயிறு. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் காபி. ஆறரைக்கு இரண்டு பென்சில், ஸ்கேல், கட்டம் போட்ட நோட்டு சகிதம் திருத்தணி கோயில் மலையடிவாரப் படிக்கட்டில் ஆஜர்.

தபாலில் மார்க்கெட் ரிசர்ச் படிக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? மூன்றாம் பாடம்: ஊகிக்காதே, கேள். யாருக்காகக் கேட்பது? ஆள் குடும்பத்திலேயே கிடைத்தார். பள்ளிப்பட்டில் நெசவு செய்யும் பாவா — என் அக்கா கணவர். இருக்கிற ஒரே தறியை விற்றுவிட்டு, இந்தப் படியோரம் துண்டுக் கடை போடப் பார்க்கிறார். திங்கள் காலை தறியை எடுக்க ஆள் வருகிறது.

"நீ படிச்சவன், மச்சான். கடை ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லு. தறி போச்சுன்னா திரும்ப வராது" என்றிருந்தார்.

படியேறுகிறவர்களை நிறுத்தி ஒரே கேள்வி: இங்கே துண்டுக் கடை வந்தால் வாங்குவீர்களா?

ஒருவர்கூட மறுக்கவில்லை. "ஆங், வரும்போது வாங்கிக்கிறோம்." குடும்பம் குடும்பமாக இதே பதில். அத்தனை பேரையும் 'வாங்குவோர்' கட்டத்தில் ஏற்றினேன். பத்து மணிக்குள் பக்கம் நிரம்பிவிட்டது. 'வாங்காதோர்' கட்டம்... பளிச்சென்று வெள்ளை. பாடம் எழுதியவருக்கே இப்படி ஒரு முடிவு கிடைத்திருக்குமா?

பக்கத்தில் பூ விற்கும் அம்மாள் தலை நிமிராமல் கேட்டார். "இன்னா சார், காலையிலேர்ந்து எழுதிகினே கீறீங்க. ரேசன் கார்டா?"

விளக்கினேன். சிரித்தார்.

"சாமியப் பாக்கப் போறவங்க வாயால இல்லன்னு சொல்லுவாங்களா? பூ வேணாம்னாலும் எங்கிட்ட அதான் சொல்றாங்க. வரும்போது..."

"வரும்போது வாங்க மாட்டார்களா?"

"எங்க வர்றது? ஏறுறதுதான் படி. எறங்குறது பஸ்ஸுல."

பன்னிரண்டு வரை உட்கார்ந்து பார்த்தேன். படி வழியாக இறங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தவறவிட்ட குடையைத் தேடி வந்தவர். இன்னொருவர் பாதியிலேயே மூச்சு வாங்கித் திரும்பியவர்.

வேண்டாம் என்ற சொல் நமக்கு எப்போது நேராக வாயில் வந்திருக்கிறது? பார்க்கலாம் என்போம், சொல்லி அனுப்புகிறேன் என்போம். பாடத்தில் இரண்டு கட்டம்தான் போட்டிருக்கிறார்கள். நம் ஊருக்கு மூன்றாவது ஒன்று வேண்டும் — அதில்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் முதல் வேலை, காபிகூடக் குடிக்காமல் பள்ளிப்பட்டுக்கு முதல் பஸ். வாசலில் மாட்டுவண்டியோடு தறி எடுக்க வந்தவர் நின்றிருந்தார். பாவாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வாசலுக்குப் போனார்.

"திருத்தணி வரைக்கும் போறேங்க. வரும்போது சொல்லி அனுப்பறேன்."

வந்தவர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார். அவர் எந்தப் பாடமும் படித்தவரல்ல.