தெர்மாகோல் பீடத்துக்கு வந்த சாமி

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவைக் காட்டிய படம் ஒன்று போன வருடம் சக்கைப்போடு போட்டது. தீப்பந்தம் பிடித்துச் சாமியாடும் காட்சிக்கு, திருநெல்வேலித் தியேட்டரில் நானும் எழுந்து நின்று விசிலடித்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் ஒரு கொடை, ஒரு சாமியாடி, ஒரு தீப்பந்தம்.

முக்கூடல் ஆற்றங்கரைக்கும் அப்படி ஒரு படக்குழு வந்தது. கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றதும் பெரியப்பாவோடு முதல் ஆளாகப் போய்விட்டேன். தெர்மாகோலில் பீடம் செய்திருந்தார்கள். சாமியாட நடிகர் ஒருவர் இருந்தார். மேளத்துக்கு மட்டும் உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேதான் தப்புப் பண்ணினார்கள். கேமராவுக்காகப் பொய்யாக அடிக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது.

மேளம் ஏற ஏற எனக்கே உடம்பு சிலிர்த்தது. பெரியப்பா எங்கள் கோயிலில் வருடாவருடம் சாமியாடுகிறவர். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“பெரியப்பா, இது சூட்டிங்கு” என்று கையைப் பிடித்தேன்.

உதறிவிட்டுப் பாய்ந்தார். நடிகரின் பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் ஆடினார். யாரும் சொல்லாமலே பெண்கள் குலவை போட்டார்கள். கட் சொல்ல வேண்டிய டைரக்டரோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பெரியப்பா முன்னால் குனிந்து நின்றார்.

“சாமி, என் படம் ஓடுமா?”

பெரியப்பா தட்டிலிருந்த திருநீற்றை அள்ளி அவர் நெற்றி நிறையப் பூசினார்.

“ஏலே, இந்தப் படம்தான் போன வருசமே ஓடிட்டுல்லா.”